10 வருஷம் தாக்குப்பிடிக்கிற காஸ் கிறில்: எதைப் பார்த்து வாங்குவது?

#1 அஜாக்ஸ்_அடுப்படி

வணக்கம். இங்க கனடாவில, பின்வளவு டெக்கில வைக்க காஸ் கிறில் ஒண்டு தேடுறன். ஆறேழு பேருக்குச் சமைக்க வேணும்: கோழிக்கால், ஆட்டு விலா, மீன், இடைக்கிடை கொத்து ரொட்டி. பெருங்கடையில 400 டொலருக்கு நாலு பேர்னர், 48,000 பிடியு எண்டு போட்டிருக்கு. பக்கத்திலயே 900 டொலருக்கு மூண்டு பேர்னர், 36,000 தான். கூட விலைக்கு ஏன் குறைஞ்ச நெருப்பு? மூண்டு வின்டரோட குப்பைக்குப் போகாமல் இருக்க எதைப் பார்க்க வேணும்?

#2 சுடர்மணி

பிடியு எண்டது மணித்தியாலத்துக்கு எவ்வளவு காஸ் எரியுது எண்ட கணக்கு. எவ்வளவு வெக்கை இறைச்சியில படுகுது எண்டதை அது சொல்லாது. முதல்ல அதை இறைச்சி வைக்கிற தட்டின்ர பரப்பளவால பிரியுங்கோ. மேல இருக்கிற சூடுகாக்கிற சின்னத் தட்டைச் சேர்க்க வேண்டாம். கடைக்காரர் அதையும் கூட்டித்தான் பெரிய எண் போடுவினம். 36,000 ஐ 450 சதுர அங்குலத்தால பிரிச்சால் 80. சதுர அங்குலத்துக்கு 80 இல இருந்து 100 வரை வந்தால் வீட்டுக்குத் தாராளம். மூடி வடிவாப் பொருந்தி, பெட்டி கனமா இருந்தால் 70 இலயும் இறைச்சி நல்லா முறுகும்.

48,000 ஏன் தேவைப்படுது? மெல்லிய தகரப் பெட்டி, மூடிக்குப் பின்னால கை போற இடைவெளி. வெக்கை அதாலயே வெளியில போகும். போறதை ஈடுகட்ட காஸைக் கூட்டி வைக்கினம். அந்தக் காசும் நீங்கள்தான் குடுக்கிறது.

நீடிச்சு உழைக்கிறதைத் தீர்மானிக்கிறது முதல்ல அடிப்பெட்டி. அதுக்குப் பிறகுதான் பேர்னர். பேர்னரை மாத்தலாம், தட்டை மாத்தலாம், ஹோஸ், ரெகுலேற்றர் எல்லாம் மாத்தலாம். அடிப்பெட்டி ஓட்டை விழுந்தால் கதை முடிஞ்சுது. வார்ப்பு அலுமினியப் பெட்டி கறள் பிடிக்காது. பெயின்ற் அடிச்ச இரும்புத் தகட்டுப் பெட்டியில, தகடு தகட்டோட சேருற மூலையில கொழுப்பும் உப்பும் தேங்கி, உள்ளுக்கிருந்து தின்னும். வெளியில தெரியேக்கை காலம் கடந்திருக்கும். கடையில மூடியைத் திறந்து, தட்டுகளைத் தூக்கி வச்சிட்டு அடியைப் பாருங்கோ. முன்பக்கப் பளபளப்பைப் பார்க்க வேண்டாம்.

#3 உப்புக்கல்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, எந்த ரகம்னு கேளுங்க. 304-ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 430-ல குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவு, ஆனா நிக்கல் கிடையாது. விலை குறைவு, துரு சீக்கிரம் வரும். கடைக்குப் போறப்ப ஒரு சின்ன காந்தம் பாக்கெட்ல போட்டுக்குங்க. 430-ல நல்லா ஒட்டும், 304-ல ஒட்டாது. ஒண்ணு கவனிக்கணும்: 304 தகட்டை வளைச்ச ஓரங்கள்ல லேசா இழுக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தட்டையான நடுப்பகுதியில வெச்சுப் பாருங்க.

கதவும் பக்கப் பலகையும் 430-ஆ இருந்தா பெரிய நஷ்டமில்லை. பர்னர் குழாயும், அதுக்கு மேல கவிழ்த்து வெச்சிருக்கிற சூட்டுத் தகடும் 304-ஆ இருக்கணும். நிறைய கிரில்லில இது தலைகீழா இருக்கும்: கண்ணுக்குத் தெரியற கதவு நல்ல ஸ்டீல், நெருப்புல கிடக்கிற பர்னர் மட்டமான ஸ்டீல்.

எந்த ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் அதோட எதிரி குளோரைடு, அதாவது உப்பு. நம்ம மசாலாவுல உப்பு, எலுமிச்சை, தயிர் மூணும் சேர்ந்து சொட்டும். அது பர்னர் மேல காஞ்சு கிடந்தா புள்ளிப் புள்ளியா அரிக்கும். சூட்டுத் தகடு அதுக்குத்தான் குடை. அது ஓட்டையானா உடனே மாத்துங்க, இல்லேன்னா அடுத்த சீசன்ல பர்னரையும் சேர்த்து மாத்தணும்.

#4 வல்லைவெளி

நான் மறுபக்கம் நிக்கிறன். 900 குடுத்தால்தான் நீடிக்கும் எண்டில்லை. 400 டொலர் கிறில் எண்டாலும், பேர்னரும் தகடும் ஐஞ்சு வருஷம் கழிச்சும் எடுக்கலாம் எண்டால் அது ஓடும். 1,500 டொலர் கிறிலுக்கு பேர்னர் கிடைக்காட்டி அது வெறும் பெட்டி. பெருங்கடைகள் தங்கட சொந்தப் பேரில விக்கிறதை வருஷத்துக்கு வருஷம் வேற தொழிற்சாலையில செய்விப்பினம். மொடல் எண் மாறினால் பேர்னர் நீளம் அரை அங்குலம் மாறும், பழையதுக்குப் பொருந்தாது.

வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. அந்தக் கொம்பனியின்ர பழைய மொடல் ஒண்டு, எட்டு வருஷத்துக்கு முந்தினது, அதுக்கு இப்பவும் பேர்னரும் தகடும் விக்கினமோ எண்டு தேடிப் பாருங்கோ. இருந்தால் உங்கட கிறிலுக்கும் பிறகு கிடைக்கும்.

#5 சுடர்மணி

@வல்லைவெளி அதோட முழுக்க ஒத்துப்போறன். அதுக்காகத்தான் வெபர், நெப்போலியன், ப்ரொயில் கிங் எண்ட மூண்டு கொம்பனிப் பேரும் திரும்பத் திரும்ப வருது. நெப்போலியன் ஒன்ராறியோவில பாரியில 1976 இல தொடங்கினது. ப்ரொயில் கிங் வாட்டர்லூவில இருக்கிற ஒன்வேர்ட் கொம்பனி செய்யிறது. வெபர் இலினோய்க்காரர், 1952 இல கரி உருண்டை அடுப்போட தொடங்கினவை. மூண்டுக்கும் உதிரிப்பாகம் இங்க கையெட்டின தூரத்தில இருக்கு.

ஆனால் பேரைப் பார்த்து மட்டும் வாங்காதேங்கோ. ஒரே கொம்பனியிலயும் அடிமட்ட மொடல், மேல்மட்ட மொடல் எண்டு ரெண்டுக்கும் பெட்டியும் பேர்னரும் வேற வேற. உத்தரவாதத் தாளில ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வருஷம் போட்டிருக்கும். பேர்னருக்கு 10 வருஷம் எண்டு போட்டவன் அந்த ஸ்ரீலை நம்பிறான். "வாழ்நாள்" எண்டு பெரிசாப் போட்டு, கீழ சின்ன எழுத்தில பேர்னருக்கு 2 வருஷம் எண்டால் விளங்கிக் கொள்ளுங்கோ.

#6 அஜாக்ஸ்_அடுப்படி

நன்றி. தட்டு வார்ப்பிரும்போ, ஸ்ரெயின்லெஸ் கம்பியோ? கொத்துக்கு மேல ஒரு பெரிய இரும்புத் தட்டை முழுக்கப் போடலாமோ?

#7 சுடர்மணி

ரெண்டாவதுக்கு முதல்ல பதில்: முழுக்கப் போட வேண்டாம். கிறில் பெட்டி, வெக்கை தட்டுக்கு இடையால மேல ஏறிப் பின்னால வெளியேறுற மாதிரிச் செய்தது. முழுப் பரப்பையும் தகட்டால மூடினால் வெக்கை கீழ திரும்பும். காஸைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் உருகும், பற்றவைக்கிற வயர் எரியும், ஹோஸ் காயும். பாதிக்கு மேல மூடாதேங்கோ, தகட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில இடம் விடுங்கோ. சில கொம்பனிகள் அளவா வார்ப்புத் தட்டு விக்கினம், ஒரு பக்கத் தட்டை எடுத்துப்போட்டு அந்த இடத்தில வைக்கிறது. அது சரி. மாசத்தில ரெண்டு மூண்டு தரம் கொத்து எண்டால் மேல முழுக்க இரும்புத் தகடு உள்ள தட்டை அடுப்பு ஒண்டு தனியா வாங்குறதுதான் புத்தி. கொத்துற தகட்டுக்கு அடி அடியா அடிவிழும். கிறில் பெட்டிக்கு அந்த அதிர்வு கூடாது.

#8 உப்புக்கல்

தட்டு விஷயத்துல சண்டை ஓயாது. என் கணக்கு இது: எனாமல் பூசின வார்ப்பிரும்பு சூட்டை நல்லாப் பிடிச்சு வெச்சுக்கும், கோடு அழகா விழும். ஆனா எனாமல் ஒரு இடத்துல தெறிச்சா அங்கேர்ந்து துரு ஓடும். கரண்டியால தட்டக்கூடாது, இரும்பு ஸ்கிரேப்பர் போடக்கூடாது. 9 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 304 கம்பித் தட்டு கிட்டத்தட்ட அதே சூட்டைப் பிடிக்கும், எது வெச்சுத் தேய்ச்சாலும் தாங்கும். மழை, பனி, கவர் போட மறக்கிற வீடு எல்லாத்துக்கும் அதுதான். 5, 6 மில்லிமீட்டர் மெல்லிசுக் கம்பியா இருந்தா வேண்டாம், இறைச்சியை வெச்ச உடனே ஆறிடும்.

இரும்பு முள் பிரஷ் வாங்காதீங்க. முள் உதிர்ந்து தட்டுல ஒட்டி, சாப்பாட்டோட தொண்டைக்குப் போய் ஆபரேஷன் வரைக்கும் போன கேஸ் இருக்கு. முள் இல்லாத சுருள்கம்பி பிரஷ், இல்லேன்னா மரச் சுரண்டி போதும்.

#9 கொங்குத்தீ

புதுசா வாங்கறவங்க அடிக்கடி கேக்கறது: "ஆன் பண்ணினா 130 டிகிரிக்கு மேல ஏறவே மாட்டேங்குது." பத்துல எட்டு தடவை பழுது இல்லை. சிலிண்டர்ல மாட்டற இணைப்புக்குள்ள ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கு. ஹோஸ் கழண்டுட்டா கேஸ் பீறிட்டு வராம கசியற அளவுக்குக் குறைச்சிடும். குமிழைத் திறந்து வெச்சுட்டு சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டர் வால்வைப் படக்குன்னு திறந்தாலோ, ஹோஸ் கழண்டுட்டதா நினைச்சு அது மூடிக்கும்.

சரி பண்ற முறை: எல்லாக் குமிழும் மூடுங்க. சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழட்டுங்க. கிரில் மூடியைத் திறந்து, குமிழ்களை ஒரு நிமிஷம் திறந்து வெச்சு திரும்ப மூடுங்க. ரெகுலேட்டரைக் கையால இறுக்கமா மாட்டுங்க, ஸ்பேனர் வேண்டாம். வால்வை மெதுவா, கால் சுத்து திறந்து, அரை நிமிஷம் நிறுத்தி, அப்புறம் முழுசாத் திறங்க. அப்பதான் பர்னர். இதுக்கப்புறமும் ஏறலைன்னா கசிவு இருக்கலாம், இல்ல ரெகுலேட்டர் போயிருக்கும்.

கசிவு பார்க்க: பாத்திரம் கழுவற திரவமும் தண்ணியும் சமபாகம். குமிழ் மூடியிருக்க, சிலிண்டர் திறந்திருக்க, ஒவ்வொரு இணைப்புலயும் பிரஷ்ஷால தடவுங்க. குமிழி பெருத்தா கசிவு. சீசன் ஆரம்பத்துலயும் சிலிண்டர் மாத்தற ஒவ்வொரு தடவையும் பாருங்க. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கற பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கு. கும்பிட்டுக் கேக்கறேன், வேண்டாம்.

#10 வல்லைவெளி

வசந்தத்தில முதல் தரம் மூட்டேக்கை மஞ்சள் நெருப்பு வந்தால், அல்லது "புப்" எண்டு சத்தம் போட்டு குமிழுக்குப் பின்னால எரிஞ்சால், சிலந்தியைத் தேடுங்கோ. பேர்னர் குழாய் வால்வோட சேருற இடத்தில காற்று வாங்கிற கண் இருக்கு. கிறில் பாவிக்காமல் நிக்கிற காலத்தில சிலந்தி அதுக்குள்ள வலை கட்டும். காஸ் உள்ளுக்குப் போக ஏலாமல் கண்ணால வெளியில தள்ளுப்பட்டு, அங்கேயே பத்தும். காஸ் மணத்துக்கு வாற சிலந்தி உண்மையிலயே இருக்கு: 2011 இல மாஸ்டா கார்களைத் திருப்பி அழைச்சது எரிபொருள் தாங்கியின்ர காற்றுக் குழாயில மஞ்சள் சிலந்தி கட்டின வலையாலதான்.

பேர்னரைக் கழட்டுங்கோ, பெரும்பாலும் ஒரு ஆணி அல்லது கிளிப்தான். போத்தல் கழுவுற நீட்டு பிரஷை உள்ளுக்க விட்டு இழுங்கோ. மேல இருக்கிற துவாரங்களைக் கடதாசிக் கிளிப்பின்ர நுனியால ஒவ்வொண்டாத் திறவுங்கோ. பிரஷ் போட்டால் குழாய்க்குக் குறுக்கால தேயுங்கோ. நீளவாக்கில தேய்ச்சால் ஒரு துவாரத்தின்ர அழுக்கு அடுத்ததுக்குள்ள போகும். துவாரம் ரெண்டு சேர்ந்து ஒண்டாகிப் போயிருந்தால் அந்த பேர்னருக்கு ஆயுள் முடிஞ்சுது. திருப்பிப் பூட்டேக்கை வால்வின்ர ஜெட் (காஸ் பீச்சுற மூக்கு), குழாயின்ர கண்ணுக்குள்ள போய் இருக்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ. வெளியில நிண்டால் காஸ் கொன்ரோல் பெட்டிக்குள்ள எரியும்.

#11 அஜாக்ஸ்_அடுப்படி

வின்டரில பாவிக்கலாமோ? மழை, பனிக்கு கராஜுக்குள்ள கதவைத் திறந்துவிட்டு வைக்கலாமோ? நிறையப் பேர் செய்யினம்.

#12 சுடர்மணி

கராஜுக்குள்ள கூடவே கூடாது. எங்கட ஆக்கள் மீன் மணம், எண்ணெய்ப் புகை வீட்டுக்குள்ள வேண்டாமெண்டு கராஜில குசினி போடுறது தெரியும். கிறில் எரியேக்கை வாற கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கு மணமுமில்லை நிறமுமில்லை. கதவு திறந்திருந்தாலும் காற்று உள்பக்கமா வீசினால் வீட்டுக் கதவால உள்ளுக்க வரும். சிலிண்டரில இருக்கிற புரொப்பேன் காஸ் காற்றைவிடப் பாரம், கசிஞ்சால் நிலத்தில படரும். கராஜில காஸ் வோட்டர் ஹீற்றர் இருந்தால் அது பத்த அந்த நெருப்பே போதும். சிலிண்டரையும் உள்ளுக்க வைக்க வேண்டாம், வெறுமையா இருந்தாலும் சரி.

வெளியில எண்டால் வின்டரில தாராளமாப் பாவிக்கலாம். புரொப்பேன் கொதிக்கிறது மைனஸ் 42 பாகையில. மைனஸ் 20 இலயும் அழுத்தம் போதுமானது. பிரச்சினை வேற: திரவம் ஆவியாகேக்கை சிலிண்டர் தானே குளிரும். காஸ் குறைவா இருக்கிற சிலிண்டரில, எல்லா பேர்னரும் முழுக்கத் திறந்தால் ஆவியாகிற வேகம் காணாது, நெருப்புத் தளரும். அதால குளிர்காலத்தில நிறைஞ்ச சிலிண்டர். சுடுதண்ணி ஊத்திறது, மின்சாரப் போர்வை சுத்திறது எல்லாம் வேண்டாம். மூடியை மூடி 15, 20 நிமிஷம் சூடாக்குங்கோ. ரெகுலேற்றரில ஒரு சின்ன மூச்சுத் துவாரம் இருக்கு, அது கீழ பார்த்தபடி இருக்கவேணும். உறைமழை அதை அடைச்சால் அழுத்தம் தாறுமாறாகும்.

#13 கொங்குத்தீ

சிலிண்டர்ல எவ்வளவு மீதி இருக்குன்னு பார்க்கிறதுக்கு மீட்டர் வாங்காதீங்க, தராசு போதும். கழுத்துப்பட்டையில வெறும் சிலிண்டர் எடை அடிச்சிருக்கும், வழக்கமா 17 பவுண்டு பக்கம். மொத்த எடையில அதைக் கழிச்சா மீதி கேஸ். ஒரு பவுண்டு புரொப்பேன்ல சுமார் 21,500 பிடியு. 20 பவுண்டு சிலிண்டர்ல சுமார் 4,30,000. 36,000 கிரில்லை முழுசா எரிச்சா 12 மணி நேரம். நிஜத்துல யாரும் முழுசா எரிக்கிறதில்லை, அதனால இன்னும் அதிகம் வரும். கடை வாசல் கூண்டுல வெச்சு மாத்திக் குடுக்கற சிலிண்டர்ல எத்தனை பவுண்டுன்னு லேபிளைப் படிங்க, 20 இருக்காது. நிரப்பித் தர்ற இடத்துக்குப் போனா காசு மிச்சம்.

#14 வல்லைவெளி

நச்சுரல் காஸ் லைன் இருந்தால் அதுவே சுகம், சிலிண்டர் தூக்கிற வேலை இல்லை. ஆனால் புரொப்பேன் கிறிலை வாங்கிப்போட்டு ஹோஸை மட்டும் மாத்த ஏலாது. புரொப்பேன் ரெகுலேற்றர் 11 அங்குல உயரத் தண்ணிக்குச் சமமான அழுத்தத்தில விடும், நச்சுரல் காஸ் 7 இல வரும். ஒரு கன அடி புரொப்பேனில சுமார் 2,500 பிடியு, நச்சுரல் காஸில 1,000. அதால ஜெட் துவாரம் பெரிசா இருக்கவேணும். ஜெட்டைத் துளைச்சுப் பெரிசாக்கிற வீடியோ எல்லாம் சுத்தித் திரியுது, பார்க்க வேண்டாம். நச்சுரல் காஸ் மொடலாவே வாங்குங்கோ. ஒன்ராறியோவில லைன் இழுக்கிறது லைசென்ஸ் உள்ள காஸ் ரெக்னீஷியன்ர வேலை.

#15 மொட்டைமாடி

இடையில ஒரு கேள்வி. சென்னையில அம்மா அப்பா வீட்டு மாடிக்கு இங்கேர்ந்து ஒரு கிரில் கொண்டு போனா, 14.2 கிலோ சிலிண்டர்ல மாட்டலாமா?

#16 கொங்குத்தீ

வேண்டாம். அழுத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: இங்க 27.5 மில்லிபார் (மேல சொன்ன அதே 11 அங்குலம்), அங்க 30 பக்கம். தடுக்கறது மத்ததெல்லாம். அங்க சிலிண்டர் வாயும் ரெகுலேட்டரும் வேற, ரப்பர் டியூப்பைச் சொருகற நாசில். கிரில்ல மரை போட்ட இணைப்பு. இடையில அடாப்டர் மேல அடாப்டர் போட்டா ஒவ்வொண்ணும் கசியற இடம். அங்க வர்ற எல்பிஜி புரொப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேனுக்குக் காத்து அதிகம் வேணும், புரொப்பேன் ஜெட்ல மஞ்சளா எரிஞ்சு கரி படியும். எல்பிஜிக்குன்னே செஞ்ச கிரில் அங்கேயே கிடைக்குது. சென்னைன்னா கடல் காத்து உப்பும் சேரும், 304-க்குக் குறைஞ்சு எதையும் மாடியில வைக்காதீங்க.

#17 அஜாக்ஸ்_அடுப்படி

தயிர் மசாலா போட்ட கோழி வெளியில கரியாகி, உள்ளுக்கு அவியாமல் வருது எண்டு எல்லாரும் சொல்லினம். அதுக்கும் கிறிலுக்கும் சம்பந்தம் இருக்கோ?

#18 சுடர்மணி

இருக்கு. அதுக்காகத்தான் ரெண்டு பேர்னர் கிறிலை விட்டிட்டு மூண்டு எடுக்கச் சொல்றது. மூண்டையும் முழுக்கத் திறந்து 15 நிமிஷம் சூடாக்குங்கோ. பிறகு ஒரு பக்கம் ஒண்டை மட்டும் எரியவிட்டு மற்ற ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. ஒட்டியிருக்கிற மசாலாவை வழிச்சு எடுத்திட்டு, நெருப்பில்லாத பக்கத்தில கோழியை அடுக்கி மூடுங்கோ. மூடி வெப்பமானி 180, 200 பாகையில நிக்கவேணும், நிக்காட்டி எரியிறதைக் கூட்டிக் குறைக்கலாம். கால்த்துண்டு 35 நிமிஷத்துக்குக் கிட்டப் பிடிக்கும். எலும்புக்குப் பக்கத்தில ஊசி வெப்பமானி 74 காட்டினால் அவிஞ்சுது. அதுக்குப் பிறகுதான் நெருப்புக்கு மேல இழுத்து ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நிமிஷம். தேன், சீனி சேர்ந்த பூச்சு கடைசி நிமிஷத்தில.

எண்ணெய் சொட்டி நெருப்பு எழும்பினால் தண்ணி ஊத்த வேண்டாம். கோழியை மற்றப் பக்கம் தள்ளுங்கோ. பெட்டிக்குள்ளயே கொழுப்பு பத்தி எரிஞ்சால் கிட்டப் போகக்கூடியதா இருந்தால் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, மூடியையும் மூடிவிட்டு விலகி நில்லுங்கோ. அது வாறதுக்குக் காரணம் அடித்தட்டில மாசக்கணக்காத் தேங்கின கொழுப்பு. நாலைஞ்சு சமையலுக்கு ஒருக்கா அடியைச் சுரண்டி, சொட்டுத்தட்டை மாத்துங்கோ. அடிப்பெட்டிக்கு அலுமினியத் தாள் விரிக்கக்கூடாது, கொழுப்பு மடிப்பில குளமாக நிக்கும்.

#19 உப்புக்கல்

சமைச்சு முடிச்ச உடனே முழுத் தீயில வெச்சு எல்லாத்தையும் எரிச்சுச் சுத்தம் பண்ற பழக்கம் வார்ப்பிரும்புக்கு நல்லதில்லை. வெறும் இரும்பு ராத்திரி முழுக்கப் பனியில கிடக்கும். சமைச்சதும் அணைச்சிடுங்க, இருக்கற கொழுப்பு ஒரு பூச்சா நிக்கட்டும். அடுத்த தடவை மூட்டும்போது 15 நிமிஷம் சூடாக்கி அப்பத் தேய்ங்க. கவர் முழுசா ஆறின பிறகு போடுங்க. சூட்டோட மூடினா உள்ள வேர்த்து, துருவை நீங்களே வளர்க்கறீங்க.

#20 அஜாக்ஸ்_அடுப்படி

அப்ப வார்ப்பு அலுமினியப் பெட்டி, மூண்டு பேர்னர், கம்பித் தட்டு எண்டு முடிவெடுத்திட்டன். பாவிச்சது ஒண்டு, ஆறு வருஷம் பழசு, பாதி விலைக்கு விளம்பரத்தில இருக்கு. போய்ப் பார்க்கேக்கை எதைப் பார்க்க வேணும்?

#21 வல்லைவெளி

காந்தம், டோர்ச், சவர்க்காரத் தண்ணிப் போத்தல் மூண்டையும் கொண்டு போங்கோ. தட்டு, தகடு எல்லாத்தையும் தூக்கிப்போட்டு அடிப்பெட்டியில வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. வார்ப்பு அலுமினியம் கறள் பிடிக்காட்டியும் கொழுப்பு நெருப்பில வளையும். மூடி மூடேக்கை நாலு மூலையும் படுகுதோ பாருங்கோ. சில்லுக்கு மேல இருக்கிற இரும்புச் சட்டத்தை விரலால அமத்துங்கோ, பொலபொலக்கிறது அங்கதான். ஒவ்வொரு பேர்னரையும் ஆகக் குறைஞ்ச தீயில வச்சுப் பாருங்கோ: முழு நீளத்துக்கும் நீல நெருப்பு நிக்கவேணும், இடையில அணைஞ்ச துண்டு இருக்கக்கூடாது. பொத்தானில பொறி வராட்டிப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பொத்தானுக்குப் பின்னால இருக்கிற பற்றரிதான். ஹோஸை வளைச்சுப் பாருங்கோ, வெடிப்பு இருந்தால் ரெகுலேற்றரோட சேர்த்துப் புதுசு போடுங்கோ.

மொடல் எண் ஒட்டின லேபிளைப் படம் எடுங்கோ, பேர்னர் தேட அதுதான் வேணும். சிலிண்டரும் சேர்த்துத் தாறம் எண்டால் கழுத்துப்பட்டியில அடிச்ச திகதியைப் பாருங்கோ. 10 வருஷம் தாண்டியிருந்தால் மறுபரிசோதனை இல்லாமல் நிரப்ப மாட்டினம், அதை விலையில கழிச்சுக் கதையுங்கோ.